மேலே பளபள... கீழே பொலபொல!

பழைய கார் வாங்கப் போகிறவர் என்ன பார்க்கிறார்?

பெயிண்டைப் பார்க்கிறார். சீட்டைத் தடவிப் பார்க்கிறார். ஏ.சி.யைப் போட்டு முகத்தைக் காட்டுகிறார். "எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கு?" என்று கேட்கிறார். டயரை ஒரு உதை உதைக்கிறார். அப்புறம் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்து விடுகிறார்.

தரையில் குனிந்து காரின் அடியைப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

விற்கிற புரோக்கருக்கு இந்தச் சங்கதி நன்றாகவே தெரியும். அதனால்தான் மேலே பாலீஷ் போடுகிறார். கீழே கறுப்பாகத் தார் பூசுகிறார். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகடு அந்தக் கறுப்புக்குள் மறைந்து கொள்கிறது. மேலே பளபள, கீழே பொலபொல!

இன்னொரு சங்கதியும் மறைந்து கிடக்கிறது. அதுதான் "ரீகால்". கார் விற்ற பிறகு அதில் ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், கம்பெனியே காரைத் திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காமல் சரி செய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ரீகால். ஆனால் அந்த அழைப்பு யாருக்குப் போகிறது? புதுசாக வாங்கின முதல் ஆசாமிக்கு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவர் விலாசம்தானே இருக்கிறது! மூன்றாவது கையில் கார் வாங்கினவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆளில்லை.

துருவும் ரீகாலும் வேறு வேறு கதை என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே குணம். கார் பழசாக ஆக ஆக இரண்டும் ஆபத்தாக முற்றும். ஆனால் நம்ம ஊரில் கார் பழசாக ஆக ஆகக் கேட்க நாதி இல்லை. இதுதான் இன்றைய நம் புகார்.

உப்புக் காற்று செய்யும் வேலை

இரும்பு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. நடுவிலே உப்பு புகுந்தால் துருவுக்கு நாலு கால் பாய்ச்சல்.

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் தொடங்கி பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை சென்னை முழுக்கக் கடலோரம். ராத்திரி பூராவும் வெளியே நிற்கும் காரின் மேல் உப்பு படிகிறது. மேலே படிந்ததைக் காலையில் துணியால் துடைத்து விடுகிறோம். கீழே படிந்ததை யார் துடைப்பது?

போதாக்குறைக்கு வெள்ளம். 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் கண்ணாடி வரைக்கும் மூழ்கிக் கிடந்ததை ஊரே பார்த்தது. அந்தக் கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டனவா? கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, கைமாறிப் போனவை எத்தனையோ!

பெரும்பாலான கார்களுக்கு லாரி மாதிரி தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து, பற்ற வைத்துச் செய்த உடம்புதான் எலும்பும்! கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு நீளமாகப் பெட்டி போல ஓடுகிறதே, அது அலங்காரம் இல்லை. பக்கவாட்டில் லாரி மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பது அதுதான். அதற்குள்ளே தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. மண் அடைத்துக் கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளிருந்து அரித்துக் கொண்டு வரும்.

பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயும் அடியில்தான் ஓடுகிறது. துரு தின்ற குழாய் மெதுவாக மிதிக்கிறபோது தாங்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்து, பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்களே, அப்போதுதான் வெடிக்கும். பெடல் தரைக்குப் போகும். கார் சட்டென்று நிற்காது!

சீட் பெல்ட் அடி நுனி எங்கே மாட்டியிருக்கிறது? அதே தரைத் தகட்டு ஓரத்தில். தகடு பொலபொலத்துப் போயிருந்தால் பெல்ட் போட்டும் என்ன பிரயோஜனம்?

துருவுக்கே ரீகால்!

"துருவுக்குக் கம்பெனி என்ன செய்யும்? நம்ம தலையெழுத்து" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். 2000 முதல் 2003 வரை தயாரான டொயோட்டா டன்ட்ரா வண்டிகளின் அடிச்சட்டம் இதனால் அரித்துப் போனது. அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயர் நடுரோட்டில் கழன்று விழலாம், பிரேக் குழாயும் கெடலாம் என்று தெரிந்தது. 2009-ல் அந்த வண்டிகளைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. வண்டிகளுக்கு அப்போது வயது ஆறு முதல் ஒன்பது!

அங்கே உப்பை லாரியில் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். இங்கே கடலே கொண்டு வந்து கொட்டுகிறது.

உயிர் காக்கும் பை, உயிர் குடித்தது

அடுத்தது காற்றுப்பை. மோதலின்போது பலூன் மாதிரி விரிந்து முகத்தைக் காப்பாற்ற வேண்டிய பை. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா கம்பெனி செய்த பைகளில் ஊதும் மருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். சூடும் புழுக்கமும் ஆண்டுக்கணக்கில் தாக்கத் தாக்க மருந்து கெடுகிறது. விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடிக்கிறது. அதன் இரும்புக் கூடு சிதறி, துண்டுகள் குண்டு போல முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன.

அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் செத்தார்கள். மலேசியாவிலும் பலி. அமெரிக்காவில் ரீகால் ஆனவை சுமார் 6 கோடியே 70 லட்சம் ஊதுகுழல்கள். 2017 ஜூனில் டகாட்டா கம்பெனி திவால் மனு கொடுத்தது.

கவனியுங்கள்: ஆபத்து அதிகம் எங்கே? சூடும் புழுக்கமும் உள்ள ஊரில். வயதான காரில். சென்னையைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா?

இந்தியாவில் 2016 ஜூலையில் ஹோண்டா ஒரே அறிவிப்பில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் கார்களை இதற்காகத் திரும்பக் கூப்பிட்டது. சிட்டி, ஜாஸ், சிவிக் எல்லாம் அதில் அடக்கம். அந்த வயதுக் கார்கள்தான் இன்று "ஒரே கை, டாக்டர் ஓட்டினது" என்று சொல்லி விலை பேசப்படுகின்றன. பை மாற்றியாச்சா என்று கேட்கிறவர் யார்?

டேஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு எரியவில்லை, ஆகவே பை நல்ல பை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மருந்து கெட்டிருப்பதை அந்த விளக்கு சொல்லாது. சாவியைத் திருப்பியதும் அது ஒரு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையானால் யாரோ கை வைத்திருக்கலாம்.

எட்டு ஆண்டு இருட்டு

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012-ல் கார் கம்பெனிகளின் சங்கம் தானாக ஒரு ரீகால் நெறிமுறை கொண்டு வந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக் கொண்டது. 2021 ஏப்ரல் 1-ல் விதிகள் அமலுக்கு வந்தன. அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை. நல்ல சட்டம்தான்.

ஆனால் ஒரு கொக்கி! 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அந்த விதி. அதற்கு மேல் கம்பெனி தானாக மனசு வைத்தால் உண்டு.

சரி, எப்.சி. பார்க்கிறார்களே என்பீர்கள். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு எப்.சி. கிடையாது. 15 முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதுதான் சோதனை. ஆண்டுதோறும் எடுக்கிற புகைச் சான்றிதழ் புகைக்கு மட்டுமே.

கணக்குப் போடுங்கள். 7-ல் ரீகால் கட்டாயம் முடிகிறது. 15-ல் சோதனை தொடங்குகிறது. நடுவே 8 ஆண்டு இருட்டு! கார் கை மாறுவதும், துரு முற்றுவதும், காற்றுப்பை மருந்து கெடுவதும் அந்த இருட்டில்தான்.

அமெரிக்கச் சட்டத்தில் 15 ஆண்டு வரை ரீகால் வேலையை இலவசமாகச் செய்து தர வேண்டும். கடிதமும் முதலில் வாங்கினவருக்கு அல்ல. பதிவேட்டில் இன்றைக்கு யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகிறது. இங்கே அது முடியாதா? எந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அரசாங்கத்தின் "வாகன்" கம்ப்யூட்டரில் இருக்கிறது. அபராதச் சீட்டு மட்டும் இன்றைய சொந்தக்காரரின் செல்போனுக்குச் சரியாக வந்து சேருகிறதே! ரீகால் சீட்டுக்கு மட்டும் வழி தெரியாதா?

நீங்கள் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை நம் உயிரை நாமே பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒன்று: ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை எடுங்கள். பல கம்பெனிகளின் இணையதளத்தில் அந்த நம்பரைத் தட்டினால் ரீகால் உண்டா என்று தெரியும். தெரியாவிட்டால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் போய்க் கேளுங்கள். "ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கா?" இந்த ஒரு கேள்வி போதும். நீங்கள் மூன்றாவது கையா, நாலாவது கையா என்பது பேச்சே இல்லை. ரீகால் காருக்கு; ஆளுக்கு அல்ல.

இரண்டு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் காரை வாட்டர் சர்வீஸ் மேடையில் ஏற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே உள்ள பெட்டி, சக்கரத்தைத் தாங்கும் இடங்கள், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை. திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். "டங்" என்றால் தகடு இருக்கிறது. "சொத்" என்றால் உள்ளே மண். புதுசாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். "ஏங்க, இப்பத்தான் பூசினீங்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

மூன்று: கால் மிதியையும் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து நுனியைப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் குளித்த கார்!

நான்கு: மேலாகப் படிந்த துரு என்றால் பயப்பட வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு கோட்டிங் போடலாம். துருவின் மேலேயே கோட்டிங் போடுவது புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுவது மாதிரி. ஈரம் உள்ளே மாட்டிக் கொண்டு இன்னும் அரிக்கும். ஓட்டை விழுந்த தகட்டுக்குப் பட்டி வைக்க விடாதீர்கள். வெட்டி எடுத்து நல்ல தகடு பற்ற வைக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த பிரேக் குழாய்க்கு ஒட்டு வேலை கூடவே கூடாது. புதுக்குழாய்தான்.

ஐந்து: உடைத்த காரிலிருந்து கழற்றின காற்றுப்பையை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ரீகால் ஆன பையாக இருக்கலாம். வீட்டில் கழற்றிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். அது வெடிமருந்து!

அதிகாரிகளுக்கு மூன்று வார்த்தை

பழைய காரை எல்லாம் நசுக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. சின்னக் கடை வைத்திருப்பவரும், சம்பளத்தில் மிச்சம் பிடித்தவரும் வாங்குவது பழைய கார்தான். மழையில் பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டு போகப் பயந்துதான் கார் வாங்குகிறார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டாம். காப்பாற்றுங்கள்.

பாதுகாப்புக் குறைக்கு 7 ஆண்டு வரம்பு ஏன்? அதை எடுங்கள். பெயர் மாற்ற வரும்போதே, ரீகால் பாக்கி உண்டா என்று பார்த்து வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுங்கள். 15 ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியதே! அவ்வளவு பணம் கட்டுகிறவருக்குப் பத்து நிமிடம் குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஆர்.சி.யை எடுத்து அந்த 17 எழுத்தைக் குறித்து வையுங்கள். நாளைக் காலையில் முதல் போன் சர்வீஸ் கவுண்டருக்கு. பதில் "பாக்கி இருக்கு" என்றால் தள்ளிப் போடாதீர்கள். செலவு உங்களுடையது இல்லை. உயிர் உங்களுடையது.