ஆணம் எரிகிறதா? வாயைக் கவனியுங்கள்!



நேற்றுவரை ருசித்து உண்ட ஆணம் இன்று நாவில் பட்டதும் தீயாய் எரிகிறதா? கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்துள்ளதா? ‘உடம்புச் சூடு’ என்று மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் இரவுப்பணி பார்ப்போரில், தூக்கத்தை விரட்டப் பாக்குப் பொட்டலத்தை நாடுவோர் உண்டு. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் சற்றே சுறுசுறுப்பைத் தருவது மெய்தான். ஆனால் அதுவே வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை மிகுதியாக வளரச் செய்கிறது. முதலில் காரம் தாங்காத எரிச்சல். பின்பு வறட்சியும் புண்ணும். அதன்பின் கன்னம் இறுகி, வாய் திறப்பதே குறைந்துபோகும். ‘சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’ எனப்படும் இந்நோய் சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது.

புகையிலை கலந்தால்தான் கேடு என்று எண்ணுவோர் பலர். அது தவறு. வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் அறிவித்தது. தமிழக அரசு 2013-இல் குட்காவுக்குத் தடை விதித்தது. கொட்டைப்பாக்குக்கோ தடை இல்லை. நிக்காஹ் விருந்தில் இனிப்புப் பாக்கைச் சிறுவர்கள் அள்ளுவதைத் தடுக்க வேண்டியவர்கள் நாமே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நடுத்தர வயதினர் வாயை நன்கு திறந்தால், அவரவருடைய மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழையவேண்டும். இரண்டே நுழைந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ தென்பட்டாலோ தாமதியாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு.

இரத்தசோகை, வைட்டமின் குறைவு, சர்க்கரை நோயாளிக்கு வரும் பூஞ்சைத் தொற்று ஆகியவற்றாலும் வாய் எரியலாம். ஆகவே காரணத்தை மருத்துவரே கண்டறியட்டும். இறுகிய கன்னம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்கை நிறுத்தாவிடில் எம்மருந்தும் பயன்தராது.

மகனின் சட்டைப்பையில் பொட்டலம் கிடைத்தால் ஏசாதீர்கள். அருகில் அமர்த்தி, “வாப்பா, வாயைத் திற பார்ப்போம்” என்று கேளுங்கள். எரிச்சலோடு இருக்கும்போதே கண்டுவிட்டால் காப்பாற்றுவது எளிது.