டேப் ரெக்கார்டரோடு வந்த விமர்சகர்: யார் இந்த கார்லா லோன்ஸி?

கேன்வாஸைக் கத்தியால் கீறி, அதையே கலைப்படைப்பாக மாட்டிய லூசியோ ஃபோன்டானாவைக் கலை ஆர்வலர்களுக்குத் தெரியும். 1969-ல் ரோம் நகரக் கலைக்கூடம் ஒன்றில் உயிருள்ள 12 குதிரைகளைக் கட்டிவைத்த யானிஸ் குனெல்லிஸும் பிரபலம்தான். இவர்களை டேப் ரெக்கார்டர் முன்னால் பேசவைத்த பெண்ணைத்தான் பலருக்குத் தெரியாது.

கார்லா லோன்ஸி. 1931-ல் ஃப்ளாரன்ஸில் பிறந்தவர். இத்தாலியின் பெரிய கலை வரலாற்றாசிரியரான ராபர்த்தோ லோங்கியின் மாணவி. 1960-களில் மரபை உடைத்த புதிய கலைஞர்களைப் பற்றி எழுதியவர்.

அன்றைய விமர்சகர் கிட்டத்தட்ட நீதிபதி மாதிரி. கலைஞர் படைப்பார், விமர்சகர் தீர்ப்பு சொல்வார். லோன்ஸிக்கு இது ஒத்துவரவில்லை. 1963-ல் ஒரு கட்டுரையில் ஜூலியோ கார்லோ ஆர்கனின் அதிகாரத்தையே நேரடியாகக் கேள்வி கேட்டார். ஆர்கன் சாதாரண ஆள் இல்லை. விமர்சக உலகின் ஜாம்பவான், பின்னாளில் ரோம் நகர மேயர்!

பிறகுதான் டேப் ரெக்கார்டர். 14 கலைஞர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தார். அவற்றை வெட்டி ஒட்டி, எல்லோரும் ஒரே அறையில் அரட்டை அடிப்பதுபோல அமைத்தார். 1969-ல் வெளியான அந்தப் புத்தகத்தின் பெயர் 'ஆட்டோரித்ராத்தோ', அதாவது சுய உருவப்படம். சை டுவோம்ப்ளி பதிலே சொல்லவில்லை. லோன்ஸி அவரை நீக்கவில்லை. கேள்விகளை அச்சிட்டு, பதில் வரவேண்டிய இடத்தில் 'மௌனம்' என்று போட்டார். ஃபோன்டானாவும் பினோ பஸ்காலியும் புத்தகம் வருவதற்கு முந்தைய ஆண்டே, சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். அவர்கள் குரல் அதில் இருக்கிறது.

இதில் விமர்சகர் காணாமல் போய்விட்டார் என்று சிலாகிப்பது சரியல்ல. எதை வெட்டுவது, யார் பேச்சுக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்று முடிவு செய்தது லோன்ஸிதானே? தீர்ப்பு சொல்லும் நாற்காலியிலிருந்து எழுந்து எடிட்டிங் மேஜைக்கு வந்தார். அதுவும் அதிகாரம்தான். ஆனால் ஒளித்துவைக்காத அதிகாரம்.

அந்த 14 பேரில் ஒரே பெண், ஓவியர் கார்லா அக்கார்டி. 1970-ல் அவரோடும் எல்விரா பனோட்டியோடும் சேர்ந்து 'ரிவோல்டா ஃபெம்மினிலே' என்ற பெண்ணியக் குழுவைத் தொடங்கினார் லோன்ஸி. கலை விமர்சனத்தை அத்தோடு விட்டார். கலை உலகம் பெண்ணுக்குத் தருவது கைதட்டும் பார்வையாளர் இடம் மட்டுமே என்பது அவர் வாதம். அக்கார்டியோ தூரிகையைக் கீழே வைக்கத் தயாராக இல்லை. நட்பு முறிந்தது. அக்கார்டி பக்கமும் நியாயம் இருந்தது: கொஞ்சமாவது கிடைத்த இடத்தை ஒரு பெண் ஓவியர் ஏன் காலி செய்ய வேண்டும்?

லோன்ஸி வெளியேறியதற்கு விலை இருந்தது. எளிய பொருள்களால் ஆன 'ஆர்ட்டே போவெரா' இயக்கம் என்றாலே, 1967-ல் அதற்குப் பெயர் வைத்த ஜெர்மானோ செலன்ட்தான் நினைவுக்கு வருகிறார். அதே கலைஞர்கள் சிலரை உட்காரவைத்துக் கேட்ட லோன்ஸியைப் பெண்ணிய அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் விலகியதும் ஒரு விமர்சனம்தான், இருப்பதிலேயே கடுமையான விமர்சனம், என்று படிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

டேப் ரெக்கார்டரை மட்டும் அவர் விடவில்லை. 1980-ல் வந்த 'வாய் பூரே' புத்தகம், தன் துணைவரான சிற்பி பியெத்ரோ கொன்சாக்ராவோடு அவர் பதிவு செய்த உரையாடல். உன் வேலையில் என் பங்கு என்ன என்பதுதான் அதன் அடிநாதம். தலைப்புக்கு அர்த்தம்: 'நீ போகலாம்'. இரண்டே ஆண்டுகளில், 51 வயதில் லோன்ஸி இறந்தார். 'ஆட்டோரித்ராத்தோ' ஆங்கிலத்தில் முழுமையாக வந்தது 2021-ல்.