வாய் திறக்கும் முன் வழக்கறிஞர்

தோட்டத்துப் பிள்ளை ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் நம் ஜனங்கள் யாரிடம் ஓடுகிறார்கள்? முதலில் தண்டலிடம், அப்புறம் கிராணியிடம், அதற்கும் அப்புறம் கட்சிக் கிளைத் தலைவரிடம். வழக்கறிஞர் நினைவுக்கு வருவதற்குள் பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்திருப்பான்.

"தப்பு செய்யாதவனுக்கு லாயர் எதுக்குப்பா?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. தப்பு செய்யாதவனுக்குத்தான் முதலில் வேண்டும் என்போம் நாம்.

2009 ஜனவரி 14இல் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட 22 வயது குகன், ஜனவரி 20இல் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் பிணமானார். நுரையீரலில் நீர் கோத்தது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. அடிபட்டதால் வந்த மரணம் என்றது இரண்டாவது. போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று 2013இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, பெற்றவளுக்குப் பிள்ளை வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கைதானவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. 2007இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ, விசாரிக்கும் முன்பே உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விடவேண்டும் என்கிறது. கூட்டாளி தப்புவான், சாட்சியம் அழியும் என்ற காரணம் காட்டி மேலதிகாரி அதை மறுக்கவும் அதே சட்டத்தில் வழியுண்டு. அந்த வாசல் விதிவிலக்காகவே இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது.

வழக்கறிஞர் குற்றத்தை மறைக்க வருபவர் அல்லர். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்று எடுத்துச் சொல்வார். உடம்பில் காயம் உண்டா என்று பார்ப்பார். ரிமாண்டு கேட்கும்போது, "இத்தனை நாள் எதற்கு?" என்று மாஜிஸ்திரேட் முன் வாதாடுவார். விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்காரும் உரிமையைச் சட்டம் தெளிவாகத் தரவில்லை. அதையும் தரவேண்டும் என்பதே நம் கோரிக்கை. நேர்மையாக விசாரிக்கும் போலீஸ்காரருக்கும் அது பாதுகாப்புத்தான்.

காசில்லையே என்று கலங்க வேண்டாம். 2011இல் தோன்றிய தேசிய சட்ட உதவி அறநிறுவனம், கைது, ரிமாண்டு வேளையில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன.

சாலாக் செலாத்தானோ கிள்ளானோ, பிள்ளை பிடிபட்டால் எந்த நிலையம், என்ன குற்றம், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அடி வழக்கறிஞரிடம் வையுங்கள். தண்டலிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.