ஜீன் ஆராய்ச்சியும் நம் விதைநெல்லும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

நிலமும், நீரும், எருவும், உழைப்பும் எவ்வளவு சிறந்தனவாயினும் அவை யாவும் பலனாக மாறுவது விதையின் வாயிலாகவேயாகும். "விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?" என்று நம் குடியானவர்கள் தொன்றுதொட்டுக் கேட்டு வருகின்றனர். தாய்ப்பயிரின் குணம் வித்தின்வழி இறங்குகிறதென்னும் உண்மையை இப்பழமொழி கூறுகிறது. அக்குணம் வித்தினுள் எங்கே, எவ்வடிவில் தங்கியிருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தது சென்ற நூற்றாண்டிலேதான். அதன் பயனாக இப்பொழுது ஆராய்ச்சிச்சாலைகளிலிருந்து புதுப்புது விதைகள் வெளிவருகின்றன.

இவ்விஷயத்தில் நம் நிலச்சுவான்தார்களிடையே இருவகை மனப்போக்கைக் காண்கிறேன். 'ஜீன்' என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மண்ணும் மாடும் கெட்டுவிடுமென்று அஞ்சுவோர் ஒரு சாரார். அச்சொல் விதைப்பையின்மேல் அச்சிடப்பட்டிருந்தால் வேறொன்றும் விசாரியாமல் வாங்கிவிடுவோர் மற்றொரு சாரார். இருசாராரும் தமக்கே நஷ்டம் தேடிக்கொள்கின்றனர் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிச்சாலையில் நடப்பது இன்னதென்று தெரிந்துகொண்டவர் வீணே அஞ்சவும் மாட்டார். வீணே மயங்கவும் மாட்டார்.

ஆராய்ச்சிச்சாலையில் நடப்பது யாது?

பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உண்டு. அது முறுக்கிய ஏணியைப் போன்ற இரட்டை வடமென்பதை 1953-ஆம் ஆண்டில் வாட்ஸன், கிரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். அந்த ஏணியின் படிகள் நான்குவகைப் பொருள்களால் ஆனவை. நான்கே எழுத்துக்களைக் கொண்டு ஒரு பெரிய பத்திரம் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். நெல்லின் பத்திரம் 12 குரோமோஸோம்களில், ஏறக்குறைய 39 கோடி எழுத்துக்களாக அமைந்துள்ளது. இந்தியா உட்படப் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடி இதை முழுவதும் படித்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பத்திரத்தில் ஒரு குணத்தை நிர்ணயிக்கும் வாசகமே ஜீன் எனப்படுவது.

இதைப் படிக்கும் முறையில் மர்மம் ஏதுமில்லை. நாற்றின் இலைத்துண்டு ஒன்றை அரைத்து, உப்பும் ஸோப்பு போன்ற ஒரு பொருளும் கலந்த வெந்நீரில் இட்டு, அழுக்கை நீக்கி, ஆல்கஹால் சேர்த்தால் டி.என்.ஏ. வெண்ணிற நூலாகத் திரண்டு வரும். அந்நூலில் நமக்கு வேண்டிய சிறுபகுதியை மட்டும் பெருக்குவதற்கு பி.ஸி.ஆர். என்னும் முறை உண்டு. இதை 1983-இல் கண்டுபிடித்த கேரி முல்லிஸ் என்பவர் பத்து ஆண்டுகளுக்குப் பின் நோபல் பரிசு பெற்றார். சுமார் 95 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் இரட்டை வடம் பிரிகிறது. சூட்டைத் தணித்தால் குறித்த இடத்தில் அடையாளத் துணுக்குகள் பற்றிக்கொள்கின்றன. மீண்டும் 72 டிகிரிக்கு உயர்த்தினால் ஒவ்வொரு வடத்திற்கும் ஜோடி வளர்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 முறையில் நூறு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் கிடைக்கின்றன. பின்னர் அவற்றைக் கடற்பாசியிலிருந்து செய்த பாகுத் தகட்டில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறிய துண்டுகள் விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். வேண்டிய கோடு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்து, அந்நாற்றில் அந்த ஜீன் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

வெள்ளந்தாங்கும் நெல்லின் வரலாறு

இம்முறையால் விளைந்த நன்மைக்கு நம் டெல்டா விவசாயிகள் அறியத்தக்க ஓர் உதாரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் இளஞ்சம்பாப் பயிர் மூழ்குவது புதிதன்று. மூழ்கிய சாதாரண நெல், நீருக்குமேல் தலைகாட்ட வேண்டுமென்று இலையைத் தாறுமாறாக நீட்டுகிறது. கையிருப்பிலுள்ள சத்தை அதிலேயே செலவழித்து, நீர் வடிந்ததும் சாய்ந்து அழுகிவிடுகிறது. ஆனால், ஒடிசாவின் பழைய நாட்டுநெல் ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13 ஏ என்னும் இரகம், நீருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொண்டு, நீர் வடிந்தபின் மறுபடியும் தழைக்கிறது. இக்குணத்தை உயர்விளைச்சல் இரகங்களில் சேர்க்கப் பல ஆண்டுகள் கலப்புச் செய்தும், அதனுடன் வேண்டாத குணங்களும் கூடவே வந்தமையால், குடியானவர் விரும்பும் நெல் கிட்டவில்லை.

அக்குணம் 9-ஆவது குரோமோஸோமில் உள்ளதென்று 1996-இல் குறிக்கப்பட்டது. சப் 1 ஏ என்னும் ஜீனே அதற்குக் காரணமென்று 2006-இல் வெளியாயிற்று. அதன்பின் வேலை சுலபமாயிற்று. நாட்டுப் பசுவின் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாக உயர்ஜாதிக் காளையுடன் சேர்த்து மேம்படுத்துவதுபோல, எப்.ஆர். 13 ஏ-யுடன் கலந்த பயிரை 'ஸ்வர்ணா' இரகத்துடன் திரும்பத் திரும்பச் சேர்த்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டைப் பரீக்ஷித்து, அந்த ஜீன் உள்ளதும், மற்ற யாவற்றிலும் ஸ்வர்ணாவைப் பெரிதும் ஒத்ததுமான நாற்றையே வைத்துக்கொண்டனர். இவ்வாறு பிறந்த 'ஸ்வர்ணா சப் 1' 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. நம் நாட்டில் சம்பாவுக்கு உகந்த சி.ஆர். 1009 இரகத்திலும் இதே ஜீன் சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப் 1 என வழங்குகிறது. இவ்விரகங்கள் சுமார் இரண்டு வாரம்வரை முழுவதும் மூழ்கியும் பிழைக்க வல்லவை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆராய்ச்சிச்சாலை இந்த ஜீனை உண்டாக்கவில்லை. கண்டுபிடித்து இடம் மாற்றியது, அவ்வளவே. அதை வைத்திருந்தது ஒடிசாவிலுள்ள பெயர் தெரியாத குடியானவர்களின் விதைக்குதிர். உவர்நிலத்தைத் தாங்கும் குணத்தைக் கேரளத்தின் பொக்காளி நெல் அளித்தது. புகையானை எதிர்க்கும் ஒரு குணத்தை இலங்கையின் 'ரது ஹீனட்டி' என்னும் நாட்டுநெல் அளித்தது. அவற்றை எவரேனும் 'விளைச்சல் குறைவு' என்று அடியோடு கைவிட்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த யந்திரங்கள் இருந்தும் விஞ்ஞானிகளுக்குத் தேட இடமில்லாமற் போயிருக்கும்.

மூன்று வழிகள், மூன்று விதைகள்

ஜீன் விதை என்று பொதுவாகப் பேசுவது சரியன்று. முதல்வழி மேலே கூறியது. ஜீனை அடையாளமாகக் கொண்டு, வழக்கமான கலப்பு முறையாலேயே தெரிந்தெடுப்பது. இதில் நெல்லின் ஜீன் நெல்லுக்கே வருகிறது, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, வேற்றுயிரின் ஜீனைப் புகுத்துவது. 2002-இல் இந்தியாவில் அநுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி இவ்வகையது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் ஜீன் பருத்தியில் சேர்க்கப்பட்டதால், செடியே காய்ப்புழுவுக்கு விஷமாகிறது. தொடக்கத்தில் மருந்தடிக்கும் செலவு குறைந்தது உண்மை. ஆயினும், வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது, அல்லது பரப்பில் ஐந்திலொரு பங்காவது, பி.டி. அல்லாத பருத்தி இடவேண்டுமென்ற விதியைப் பலர் அலட்சியம் செய்தனர். அவ்வரிசைகளில் பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள், விஷத்திற்குப் பழகிய பூச்சிகளோடு இணைந்து அப்பழக்கம் பரவாமல் தடுக்கும் என்பதே விதியின் நோக்கம். விதி கைவிடப்பட்டது, இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒரு ஜீனையும், பின்னர் இரண்டு ஜீன்கள் சேர்ந்த விதையையும் வென்று நின்றது. ஜீன் நல்லதாயிருந்தும் சாகுபடி முறை தவறினால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, பயிரின் சொந்த ஜீனிலேயே எழுத்துத் திருத்தம் செய்வது. கிறிஸ்பர் என்னும் இந்த நுண்கத்தரியை 2012-இல் விளக்கிய இரு பெண் விஞ்ஞானிகள் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். அயல் ஜீன் சேராத திருத்தங்கள் சிலவற்றுக்கு, 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில கட்டுப்பாடுகளிலிருந்து 2022-இல் மத்திய அரசு விலக்களித்தது. பி.பி.டி. 5204 நெல்லில் இவ்வாறு திருத்திய 'கமலா' என்னும் இரகம் 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அது சுமார் 20 நாள் முன்னதாக முதிர்ந்து, விளைச்சலும் கூடுதலாகத் தருமென்று அறிவிப்புக் கூறுகிறது. இதை மறுக்கவும் வேண்டாம்; நம் மண்ணில் பார்க்குமுன் நம்பிவிடவும் வேண்டாம். இக்கத்தரிக்குக் காப்புரிமை பெற்ற வெளிநாட்டு ஸ்தாபனங்கள் உள்ளன. ஆதலால், இத்தகைய விதை நம் கைக்கு வரும்போது அதன் உரிமை எவரிடம் என்று கேட்பதும் நம் கடமையே.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, விதையின் எல்லையை அறிதல். சப் 1 இரகம் வளரும் பயிர் மூழ்கினால் காக்கும். முளைக்கும்போதோ பூக்கும்போதோ வெள்ளம் வந்தால் காவாது. பாதியளவு நீர் மாதக்கணக்கில் தேங்கினாலும் காவாது. எனவே வாய்க்கால் தூர் வாருதலையும் வடிகால் அமைத்தலையும் இவ்விதையை நம்பிக் கைவிடலாகாது.

இரண்டாவது, விதையின் உண்மையை அறிதல். ஜீன் கண்ணுக்குத் தெரியாது. சி.ஆர். 1009 சப் 1 என்று விலை கொடுத்துச் சாதாரண விதையை வாங்கியவர், அதை அறிவது வெள்ளம் வடிந்தபின்னரே. அப்பொழுது அறிந்து பயனில்லை. சான்று பெற்ற விதைக்கு நீலச்சீட்டு உண்டா என்று பார்த்து, சீட்டையும் பற்றுச்சீட்டையும் ஒருபிடி விதையையும் அறுவடைவரை காப்பாற்றுக. 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, அச்சட்டத்தில் பதிவான இரகத்தின் விதை சொன்ன பலனைத் தராவிடில் விவசாயி இழப்பீடு கோர இடமுண்டு. கையில் சான்றில்லாதவர் கோருவது எங்ஙனம்?

மூன்றாவது, எப்புதிய இரகத்தையும் முதலாண்டில் பத்து சென்டுக்கு மேற்படாமல், தம் வழக்கமான இரகத்தின் பக்கத்திலேயே நட்டுப் பார்த்தல். சப் 1 போன்ற நெல் வீரிய ஒட்டு அன்று. ஆதலால் கலவன் நீக்கி, தாமே விதை எடுத்துக்கொள்ளலாம். அவ்விதையைச் சேமிக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும், வியாபாரப் பெயரிடாமல் விற்கவும் மேற்படி சட்டம் உரிமை தருகிறது. ஒட்டுப் பருத்தியிலோ மறுவிதை குணம் பிரிந்து போகும். அதை எடுத்து விதைப்பது வீண்.

நான்காவது, நாட்டு இரகங்களைக் காத்தல். டெல்லியிலுள்ள தேசிய ஜீன் வங்கியில் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட மாதிரிகள் உறைகுளிரில் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும், அங்கே உறங்கும் விதை ஆண்டுதோறும் மாறும் மழைக்கும் வெயிலுக்கும் பழகுவதில்லை. வயலில் இருக்கும் விதையே பழகுகிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்தவரும் 2018-இல் காலமானவருமான நெல் ஜெயராமன் அவர்கள் ஊரூராய்ச் சென்று 170-க்கு மேற்பட்ட இரகங்களைத் திரட்டியது யாவரும் அறிந்தது. அத்தகையோர் ஒருவர் இருவர்மீதே இப்பாரத்தைச் சுமத்துவது தகாது. பத்து ஏக்கர் வைத்திருப்பவர் காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை போன்ற ஏதேனும் ஒன்றை ஐந்து சென்டில் ஆண்டுதோறும் நட்டு வந்தால் குடி முழுகிவிடாது. வீட்டுக்குதிரில் வெறுமனே வைத்திருந்தால் சில ஆண்டுகளில் முளைப்பு அற்றுவிடும், நடுவதே காப்பது. தம் ஊருக்கே உரிய இரகமானால் விவசாயிகள் இரகமாகப் பதிவு செய்துகொள்ளலும் நன்று.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளச்சேதக் கணக்கு எடுக்கையில் ஏக்கரும் தொகையும் மட்டும் எழுதப்படுகின்றன. எந்த இரகம், நட்டு எத்தனை நாளானது, எத்தனை நாள் மூழ்கியது, எவ்வளவு பிழைத்தது என்னும் நான்கு விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து எங்களிடம் தெரிவித்தால் பேருபகாரமாகும். அண்டை வயல்கள் யாவும் அழுகியிருக்க, ஒரு பாத்தி மட்டும் பசுமையாய் நின்றதென்னும் ஒரு வரிக் குறிப்பு, ஆராய்ச்சிச்சாலைக்குப் பல ஆண்டுத் தேடலை மிச்சப்படுத்தக்கூடும்.

புதிய விதையை விசாரித்து வாங்குவதும், பழைய விதையை விடாது நட்டுவருவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. முன்னது இவ்வாண்டு விளைச்சலுக்கு. பின்னது நம் பேரப்பிள்ளைகளின் விளைச்சலுக்கு. வரும் சம்பாப் பட்டத்திற்கு விதை தெரிந்தெடுக்கும்போது ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் மனத்திற்கொள்வார்களென நம்புகிறேன்.