மஞ்சள் பயற்றின் மரபுச் சான்று

ஒரு பயற்றின் நிறத்தையே தனியொருவரின் உடைமையாக அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1999 ஏப்ரலில் எழுதிக் கொடுத்தது. கொலராடோ மாநில வணிகர் ஒருவர், 1994இல் மெக்சிகோவில் வாங்கிய பீன்ஸ் பயற்றிலிருந்து மஞ்சள் விதைகளைப் பொறுக்கி, விதைத்து, தெரிந்தெடுத்து, ‘எனோலா’ என்று பெயரிட்டிருந்தார். அந்த மஞ்சள் சாயலுடைய பீன்ஸ் தமக்கே உரியதென அவர் கோரினார், கோரிக்கை ஏற்கப்பட்டது. உடனே மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பயறு தருவித்தவர்கள்மீது வழக்குப் பாய்ந்தது. ‘அசுஃப்ராதோ’, ‘மயோகோபா’ என்ற பெயர்களில் அதை நெடுங்காலம் விளைவித்து உண்டுவந்த உழவர்களின் ஏற்றுமதி நலிந்தது.

நிறத்தை வைத்துக் குலத்தை அறிய இயலாது. பீன்ஸ் மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலும் ஆண்டிஸ் மலைநாட்டிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டது. இவ்விரு மரபுகளிலும் ஒத்த தோற்றமுடைய விதைகள் உண்டு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எனோலாவின் டி.என்.ஏ. கூறுகளை மெக்சிகோ வகைகளோடு ஒப்பிட்டு 2004இல் முடிவை வெளியிட்டனர். மெக்சிகோவில் முன்பே வழங்கிய மஞ்சள் வகைகளிலிருந்து அது நேரே தெரிந்தெடுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம், தன் விதைக் களஞ்சியத்தைச் சான்றாக வைத்து 2000ஆம் ஆண்டின் இறுதியிலேயே காப்புரிமையை மறு ஆய்வு செய்யக் கோரியிருந்தது. 2009இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் காப்புரிமை வீழ்ந்தது. அநீதிக்குப் பத்தாண்டு ஆயுள் கிடைத்தது. களஞ்சியமும் ஆய்வும் இல்லாதிருந்தால் அந்த அநீதி மேலும் நீண்டிருக்கலாம்.

மரபுப் பன்மையை அளந்தறிவதன் பயன் வழக்குமன்றத்தோடு நிற்பதில்லை. பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். ஆகவே வணிக வகை ஒன்றின் செடிகள் யாவும் ஏறத்தாழ ஒரே மரபுடையவை. ஒரே அளவும் ஒரே வேகும் நேரமும் வேண்டும் சந்தைக்கு அது உகந்தது. அதை நாம் பழிக்கவில்லை. உழவர் வழிவழியாகக் காத்த நாட்டு வகையோ, பல மரபுகள் ஒரே வயலில் கலந்து வாழும் கூட்டம். துருநோய் தாக்கினால் வணிக வகை முற்றும் வீழலாம். நாட்டு வகையில் சில செடிகளேனும் தாங்கி நிற்கக்கூடும். நோயெதிர்ப்புப் பண்பு தேடும் பயிர்ப் பெருக்குநர் திரும்பிச் செல்லும் இடமும் அதுவே. அந்தக் கலவையில் எது எங்கே உள்ளதென்று அறியாமல் அதை இழப்பது, எண்ணிப் பாராத செல்வத்தை இழப்பதாகும்.

நம் அவரைக்கும் மொச்சைக்கும் இது பொருந்தும். உழவர் வகைகளைப் பதிவுசெய்ய இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. உழவரிடம் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் எந்த வகை எதிலிருந்து வேறுபட்டது என்று காட்டும் சான்றினைத் தனி உழவர் தேட முடியாது. ஊர்தோறும் விதைகளைத் திரட்டி, மரபாய்வு செய்து, காத்தவர் பெயரிலேயே பதிவுசெய்யும் பொறுப்பை வேளாண்மைப் பல்கலைக்கழகங்களும் அரசும் இப்போதே ஏற்க வேண்டும்.