ஆல்பத்தில் முடங்கிய பவுன்கள்

தபால் தலையை உலகுக்குத் தந்த நாடு பிரிட்டன். 1840-ல் அங்கே வெளியான கறுப்பு நிற ஒரு பென்னி ஸ்டாம்பே ஒட்டும் தபால் தலைகளுக்கெல்லாம் மூத்தது. அந்தப் பெருமையை முன்னிட்டு பிரிட்டிஷ் ஸ்டாம்புகளில் இன்றும் நாட்டின் பெயர் அச்சிடப்படுவதில்லை. முடிசூடியவரின் முகம் ஒன்றே போதும். அப்படிப்பட்ட நாட்டிலேயே ஸ்டாம்பு சேகரிப்போர் பலர் இன்று கையைப் பிசைந்துகொண்டிருக்கின்றனர். பல்லாண்டுகளாக வாங்கி அடுக்கிய ஞாபகார்த்தத் தபால் தலைகளை விற்கப் போனால், அவற்றில் அச்சிட்ட விலைகூடப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

காரணம் என்ன? பிரிட்டனின் முதல் ஞாபகார்த்தத் தலைகள் 1924-ல், வெம்பிளியில் நடந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்காக வெளியாயின. அதன் பிறகு வெகுகாலம் இவை அபூர்வமாகவே வந்தன. 1929-ல் லண்டனில் கூடிய சர்வதேசத் தபால் மகாநாட்டுக்காக ஒரு பவுன் ஸ்டாம்பு வெளியிடப்பட்டது. அந்நாளில் ஒரு பவுன் பெருந்தொகை. வாங்கி வைத்தவர் சிலரே. ஆகவேதான் இன்று அது நூற்றுக்கணக்கான பவுனுக்கு விலை போகிறது.

1964-ல் தபால் மந்திரியான டோனி பென் வழியை அகலத் திறந்துவிட்டார். கலை, விஞ்ஞானம், இயற்கை என விஷயங்கள் பெருகின. ஸ்டாம்புகள் அழகு பெற்றன. கூடவே எண்ணிக்கையும் ஏறிற்று. வருங்காலத்தில் நல்ல விலை வருமென்று ஜனங்கள் வாங்கிப் பூட்டினர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அபூர்வப் பொருளாவது எப்படி?

1981-ல் சார்லஸ்–டயானா திருமணத்துக்காக 14 பென்ஸ், 25 பென்ஸ் ஸ்டாம்புகள் வந்தன. அவற்றையும் அவ்வாறே வாங்கிக் குவித்தனர். 2025 ஏப்ரலில் முதல் வகுப்புக் கடிதக் கட்டணம் 1 பவுன் 70 பென்ஸாக உயர்ந்தது. அந்தக் கணக்கில், 14 பென்ஸ் ஸ்டாம்புகள் பன்னிரண்டை ஒட்டினாலும் இரண்டு பென்ஸ் குறையும்!

ஒட்டாத ஸ்டாம்பினால் லாபம் தபால்காரருக்கே. காசு வந்துவிடும், கடிதம் சுமக்க வேண்டியதில்லை. கடிதங்களும் குறைந்துவிட்டன. 2004-05-ல் 2,000 கோடியாக இருந்தவை 2023-24-ல் சுமார் 670 கோடியாகச் சுருங்கின. 2013-ல் தனியார் வசம் சென்ற ராயல் மெயில், 2025-ல் செக் நாட்டுச் செல்வந்தர் டேனியல் கிரெடின்ஸ்கியின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதுவோர் குறையக் குறைய, ஸ்டாம்பு வியாபாரம் சேகரிப்போரை அதிகமாக நம்ப வேண்டியதாகிறது.

ஒரே ஓர் ஆறுதல் உண்டு. பார்கோடு இல்லாத சாதாரண ஸ்டாம்புகள் 2023 ஜூலை 31-க்குப் பின் செல்லாது என்று ராயல் மெயில் அறிவித்தபோது, ஞாபகார்த்தத் தலைகளுக்கு விலக்களித்தது. 1971-ல் தசாம்ச நாணயம் வந்த பின் வெளியானவை தபாலுக்குச் செல்லும். எனவே வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கி, கட்டணத்தில் மிச்சம் பிடிக்க விரும்புவோருக்கு விற்கின்றனர். பொக்கிஷமென்று காத்தவை கடைசியில் பார்சல்மேல் ஏறுகின்றன!

அந்த உபயோகத்துக்கும் ஆகாத ஸ்டாம்பு ஒன்றுண்டு. 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் பிரிட்டன் வெளியிட்டது அது. வரைந்தவர் இந்தியரான பிமன் மல்லிக். பழைய நாணய ஸ்டாம்பாதலால் 1972-லேயே அது செல்லாததாகிவிட்டது. சந்தையிலும் அற்ப விலைதான். ஆனால், காந்திஜியைச் சிறையிலிட்ட ராஜ்யமே அவருடைய உருவத்தைத் தன் அரசியின் தலையுருவோடு சேர்த்து அச்சிட்ட வரலாறு அந்தச் சிறு காகிதத்தில் இருக்கிறது.

முதலீடென்று ஸ்டாம்பு வாங்கியவர் ஏமாந்தார். சரித்திரமென்று வாங்கியவருக்கு நஷ்டமில்லை.