தம்பி, தங்கை பெயரில் சேமிப்புக் கணக்கு: அண்ணன், அக்கா கையெழுத்து ஏன் செல்லாது?

ஹைதராபாத் சனத்நகர்ல ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறீங்க. ஊர்ல அம்மா, அப்பா. தம்பிக்கு 12 வயசு, தங்கைக்கு 8. சம்பளம் வந்ததும் ரெண்டு பேர் பெயரிலும் ஆளுக்கு ஒரு கணக்கு தொடங்கி மாசம் 2,000 ரூபாய் போடலாம்னு முடிவு பண்றீங்க. வங்கிக்குப் போனா முதல் கேள்வியே இதுதான்: "கார்டியன் யாரு?"

"நான்தான்" என்று சொன்னால் வேலை நடக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். அந்தப் பட்டியலில் அண்ணனும் அக்காவும் இல்லை. குடும்பச் செலவு முழுக்க நீங்கள் பார்த்தாலும் இதில் மாற்றமில்லை.

தாயின் கையெழுத்துக்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1984-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க, காப்பாளராகத் தான் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'தந்தைக்குப் பின்' என்பதை 'தந்தை இறந்த பின்' என்று மட்டும் படிக்கக் கூடாது, குழந்தையின் பொறுப்பைத் தந்தை பார்க்காத சூழலில் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது.

வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை, தாயைக் காப்பாளராக வைத்துக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி 1976-லேயே அனுமதித்துவிட்டது. 2025 ஏப்ரல் 21 சுற்றறிக்கையும் அதை உறுதி செய்கிறது.

பெற்றோர் இருவருமே இல்லையென்றால்? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை அணுகி, உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்கலாம். அந்த உத்தரவு கையில் இருந்தால் உங்கள் கையெழுத்து செல்லும்.

சரி, அப்போ என்ன பண்ணலாம்?

இங்கே 10 வயசுதான் முக்கியமான கோடு.

தம்பி அதைத் தாண்டிவிட்டான். 10 வயது நிரம்பியவர்கள் தாங்களே கணக்கு தொடங்கி இயக்கலாம். எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதையெல்லாம் அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஓவர்டிராஃப்ட் மட்டும் கிடையாது.

தங்கை இன்னும் தாண்டவில்லை. அதனால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு அவளுக்குத் தகுதி இருக்கு. 10 வயசு ஆகிவிட்டால் புதிதாகச் சேர முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் போடலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2% ஆனது, காலாண்டுக்கு ஒருமுறை அரசு இதை மறுஆய்வு செய்யும். இதே வட்டி நீடித்தால், மாசம் 2,000 வீதம் 15 ஆண்டுகளில் போடும் 3.6 லட்சம், 21-வது ஆண்டு முடிவில் சுமார் 11 லட்சமாகும். 18 வயசுக்குப் பிறகு படிப்புக்காக ஒரு பகுதியை எடுக்கவும் வழி உண்டு.

இதற்கும் அம்மா அல்லது அப்பாதான் கையெழுத்திட வேண்டும். அதனால் கணக்குகளை ஊரில் இருக்கிற கிளையிலேயே தொடங்குங்க. தங்கையின் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்க. பணத்தை சனத்நகர்ல இருந்தே அனுப்பிடலாம்.

என் பெயரிலேயே போட்டு வைத்தால் என்ன?

பலரும் செய்வது இதுதான். "தம்பிக்குன்னு ஒரு எஃப்டி போட்டிருக்கேன்" என்பார்கள். சட்டத்தின் பார்வையில் அது உங்கள் பணம். வட்டிக்கு வரியும் உங்களுக்கே. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உயில் இல்லாத பட்சத்தில், இந்து வாரிசுச் சட்டப்படி தம்பி, தங்கை முதல் வரிசை வாரிசுகள் கிடையாது. நாமினியாகப் பெயர் போட்டிருந்தாலும், அவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே.

உடன்பிறந்தவருக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பரிசு வரி கிடையாது. தம்பியின் கணக்கில் சேரும் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேரும். செல்வமகள் வட்டிக்கு வரி இல்லை.

ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுத் தொடங்குங்க. கணக்கில் போட்ட நாளிலிருந்து அது அவங்க பணம். 18 வயசானதும் வங்கி புதிய கையெழுத்து மாதிரி வாங்கும். அதன் பிறகு எடுப்பதும் வைப்பதும் தம்பியின் முடிவு. கல்லூரியில் சேர்வானோ, பைக் வாங்குவானோ, உங்களிடம் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. அதனால் மாசம் 2,000 அனுப்பும்போதே, இது எதுக்குன்னு அவன்கிட்டயும் பேசிடுங்க.